குணுக்கைக் கழற்றச் சொல்ல வேண்டியவர்

1

இடது காதில் துணிக்கிளிப்பு மாட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் இருக்கிறது, ஆனால் எட்டு டிகிரிதான். இந்த ஊர் வெயிலை நம்பி ஸ்வெட்டரைக் கழற்றினால் மூன்று நாள் மூக்கு ஒழுகும். சமையலறை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே என் மகள் ஷெரினின் அறை. கதவு சாத்தியிருக்கிறது. அவள் உள்ளே போய் இருபது நிமிடம் ஆகிறது. அவள் வெளியே வந்து என்ன சொல்லப்போகிறாள் என்று தெரியும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

நம் சாந்தன்பாறைப் பக்கத்துப் பங்குக் கோயில் ஆண்டு மலருக்கு "வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதுங்க" என்று கேட்டு நான்கு மாதமாகிறது. பனி பற்றி எழுதலாம் என்று இருந்தேன். குப்பையை நான்கு நிறத் தொட்டிகளில் பிரித்துப் போடுவது பற்றி எழுதலாம் என்றும் இருந்தேன். பன்னிரண்டு வருடம் ஜெர்மனியில், முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஆனால் இப்போது என்னால் எழுத முடிந்தது இது ஒன்றுதான். மலரில் போடுவதா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். போட்டால், ஒரு வரி விடாமல் போடுங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்குக் குணுக்கு என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தெட்டு என்றொரு சீட்டாட்டம். நான்கு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. அதில் ஜாக்கிதான் பெரியவன், ராஜா அவனுக்கு முன்னால் ஒன்றுமில்லை. ஏலம் கேட்டு எடுத்தவர் தன் சீட்டில் ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். அதுதான் துருப்பு. அது என்ன சாதி, ஆட்டினா இஸ்பேட்டா என்று வைத்தவருக்கு மட்டும் தெரியும். எதிரே இருக்கும் அவருடைய சொந்த ஜோடிக்குக்கூடத் தெரியாது. தொடர்ந்து தோற்கிற ஜோடிக்குக் காதில் குணுக்கு. ஈர்க்குச்சியைப் பாதி பிளந்து, காது மடலைக் கவ்வ வைத்து, அதில் பழுத்த பலா இலையைத் தொங்கவிடுவார்கள். அடுத்து ஜெயித்தால்தான் கழற்றலாம். அதுவரை அப்படியே டீக்கடைக்கும் போகவேண்டும், வீட்டுக்கும் போகவேண்டும்.

2

எங்கள் அப்பா சவரிமுத்து கேரள மலை எஸ்டேட் ஒன்றின் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை பார்த்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டோர் தாழ்வாரத்தில் சீட்டு விழும். அப்பாவுக்கு ஜோடி ஸ்டோர் கணக்கப்பிள்ளை. எதிர் ஜோடி தாசையா மாமாவும் மத்தாயி சேட்டனும். தாசையா மாமா எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீடு, எஸ்டேட் தொழிலாளி. மத்தாயி சேட்டன் ஜங்ஷனில் டீக்கடை வைத்திருந்த மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து அவருக்கென்று ஒரு பாஷை பேசுவார். இருவருக்கும் அப்படி ஒரு ஒட்டு. தாசையா மாமா விடிகாலை வேலைக்குப் போகும்போது அந்தக் கடையில் டீ குடிக்காமல் மலை ஏறியதில்லை. கடையில் ஆளில்லாவிட்டால் அவரே கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

எனக்குப் பதினோரு வயது இருக்கும்போது அப்பா மூன்று ஞாயிறு தொடர்ந்து குணுக்குப் போட்டார். மூன்றாவது ஞாயிறு அவர் பலா இலை ஆட ஆட லயத்துக்குள் நடந்து வந்தார். பிள்ளைகள் பின்னாலேயே ஊர்வலம் போட்டுக்கொண்டு வந்தன. அப்பா சிரித்துக்கொண்டுதான் வந்தார். எனக்குத்தான் உயிர் போயிற்று. மறுநாள் பள்ளிக்கூடத்தில் "குணுக்கு சவரி மக" என்று பெயர் விழுந்துவிட்டது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினாலும் குணுக்கு சவரி மகதான்.

யோசனை என்னுடையது. இதை முதலில் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் அப்பா இப்போது இல்லை, பழியைத் தூக்கி அவர் குழிமேல் போடுவது சுலபம். நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன்: "நான் கட்டன் கொண்டு வருவேம்ப்பா. தாசையா மாமா துருப்புக் கவுக்கும்போது பின்னால நின்னா எனக்குத் தெரியும்."

அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. அவர் சிரித்துவிட்டு, "எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டார்.

பால் விடாத அந்தக் கட்டன் சாயா கிளாஸை வைத்துச் சொல்வதாக ஏற்பாடு. அப்பா கையில் கொடுத்தால் ஆட்டின். வலது முட்டிப் பக்கம் வைத்தால் இஸ்பேட். இடது பக்கம் கிளாவர். நேர் முன்னால் வைத்தால் டைமன். "ஏ பிள்ள, ஒரு கட்டன் கொண்டா" என்று அப்பா குரல் கொடுத்தால் நான் புறப்பட வேண்டும்.

மத்தாயி சேட்டன் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவார். அவர் வைக்கும் துருப்பை யாராலும் பார்க்க முடியாது. தாசையா மாமாவின் முதுகு நான் வரும் வழியைப் பார்த்து இருந்தது. அதனால் அவர் துருப்பு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வயதில் இது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

எட்டு ஞாயிறு ஓடியது. பலா இலை அந்தப் பக்கம் போனது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்தது. ஒன்பதாவது ஞாயிறு மத்தாயி சேட்டன் கையிலிருந்த சீட்டைப் பாயில் போட்டுவிட்டு எழுந்தார்.

"எடா தாசா, ஞான் வெச்சால் சவரிக்கு ஒண்ணும் தெரியில்லா. நீ வெச்சால் மாத்திரம் அவனுக்கு எல்லாம் தெரியும். அதெங்ஙனெயாடா?"

தாசையா மாமாவுக்கு முதலில் புரியவில்லை. "என்ன சேட்டா சொல்லுதீக? நான் சொல்லிக் குடுத்தேன்னா?"

"வேறெ ஆரு? துருப்பு நினக்கு மாத்திரமல்லே தெரியும்? நீங்கள் பாண்டிகள் எல்லாம் ஒண்ணாணு."

தமிழர்களை மட்டமாகச் சொல்லும் அந்தப் பாண்டி என்ற வார்த்தையை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மலையில் அந்த வார்த்தை எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். தாசையா மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார், அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் காதிலிருந்த இலையைப் பிடுங்கிப் பாயில் போட்டுவிட்டு லயத்துக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் சீட்டைத் தொடவில்லை. அந்த டீக்கடையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போனார். ஒருநாள்கூட ஏறி ஒரு டீ குடிக்கவில்லை.

நான் கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தேன். அப்பா என்னை வீட்டுக்குள் இழுத்துப்போய் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "வாயத் தொறக்காத."

திறக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம்.

3

இப்போது எழுந்து போய்க் கதவருகே நின்று பார்த்துவிட்டு வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. காது வலிக்கிறது. ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், காது மடலை இவ்வளவு நேரம் இறுக்கி வைப்பது நல்லதல்ல.

4

இந்த நாட்டில் நல்ல செய்தி தபாலில் வராது. போன செவ்வாய் ஒரு உறை வந்தது. உறை வந்தால் நான் உடனே பிரிக்கமாட்டேன், அதிலும் இப்போது எங்கள் குடியுரிமை விண்ணப்பம் அலுவலகத்தில் கிடக்கிறது. பிறந்த சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, அந்த மொழிபெயர்ப்பு சரி என்று ஒரு முத்திரை, என் கணவர் பிரிட்டோவின் பெயரில் ஒரு எழுத்து பாஸ்போர்ட்டில் ஒருவிதமாகவும் திருமணச் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருப்பதற்கு ஒரு விளக்கக் கடிதம் என்று இரண்டு வருடம் அலைந்து கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் ஷெரினின் பள்ளிக்கூடத்திலிருந்து. கணினி விளையாட்டுச் சங்கம் தொடர்பாகப் பெற்றோர் வரவேண்டும்.

ஷெரினுக்குப் பதினைந்து வயது. ஐந்து பேர் அணியாகச் சேர்ந்து கணினியில் சண்டைபோடும் ஒரு விளையாட்டு. பள்ளிக்கும் பள்ளிக்கும் போட்டி நடக்கும். அவள் அறைக்குள்ளிருந்து ஜெர்மனில் கத்துவாள். என்னோடு பேசும்போது மட்டும் அவளுக்குக் குரலே இருக்காது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூடத்திலேயே விளையாட்டுக்குச் சங்கம் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு எப்போதும் ஒரு எரிச்சல். இதை ஒருமுறை பிரிட்டோவிடம் சொன்னபோது, "உங்கப்பாக்கு ஸ்டோர் தாழ்வாரம், இவளுக்கு இது" என்றார். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறார். இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விடுவார்.

வியாழக்கிழமை போனேன். பதற்றத்தில் தலைமையாசிரியரைப் பார்த்து "நீ எப்படி இருக்கிறாய்" என்கிற மாதிரி ஒருமையில் கேட்டுவிட்டேன். கூட வேலை பார்க்கும் நர்ஸுகளிடம் பேசிப் பேசி வந்த பழக்கம். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். ஷெரின் தரையைப் பார்த்தாள்.

விஷயம் இது. சுவருக்குப் பின்னால் எதிராளி எங்கே நிற்கிறான் என்று காட்டிக்கொடுக்கும் ஒரு திருட்டு மென்பொருள் இருக்கிறதாம். அணியில் ஒருத்தியின் கணக்கில் அது பிடிபட்டிருக்கிறது. அணியைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கு லீனாவுடையது. லீனா எங்கள் வீட்டுக்கு வருகிற பெண். என் இடியாப்பத்தை நூடுல்ஸ் என்று நினைத்து உறிஞ்சிச் சாப்பிடுபவள். அவள் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னாள்: நான் செய்யவில்லை, நான் செய்யவில்லை. அணியின் மற்ற மூன்று பேரும் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நான் லீனாவைப் பார்க்கவில்லை. என் மகளின் கையைப் பார்த்தேன். பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். கிளாஸைப் பிடித்துக்கொண்டு நான் நின்றது அப்படித்தான். எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

டிராமில் வரும்போது கேட்டேன். முதலில் இல்லை என்றாள். அப்புறம் ஆமாம் என்றாள். லீனாவின் கடவுச்சொல் அவளுக்குத் தெரியும், தோழிகள் மாற்றி மாற்றி விளையாடுவார்களாம். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வருமாம், யார் எவ்வளவு புள்ளி என்று. அதில் எப்போதும் ஷெரின் கடைசி. மற்றவர்கள் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. தன் கணக்கில் வைத்தால் திடீரென்று புள்ளி ஏறியதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, லீனாவின் கணக்கில் போய் இரண்டு நாள் அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்.

"விளையாட்டுத்தானேம்மா" என்றாள். நல்ல தமிழில் சொன்னாள். வேண்டியபோது வருகிறது.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் தலைக்குள் முதலில் வந்தது லீனா இல்லை. அலுவலகத்தில் கிடக்கும் எங்கள் விண்ணப்பம். பள்ளிக்கூடம் எங்காவது எழுதிப் போட்டுவிடுமோ, அதை எந்த அதிகாரியாவது எடுத்துப் பார்ப்பாரோ என்று. அப்படியெல்லாம் நடக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. நான் அவள் காதருகே குனிந்து சொன்னேன்.

"வாயத் தொறக்காத."

 அது என் குரலே இல்லை.

5

வெள்ளி போனது, சனி போனது. வேலையில் மனம் நிற்கவில்லை. இல்லத்தில் மூன்று தாத்தாக்கள் தினமும் சீட்டாடுவார்கள். இங்கேயும் ஜாக்கிதான் ராஜாவுக்கு மேலே. வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் இந்த ஊரில் பிழைத்துவிடலாம் என்ற தைரியமே எனக்கு வந்தது. சனிக்கிழமை அவர்களுக்குக் காபி வைக்கும்போது, ஒருவருடைய சீட்டு எனக்குத் தெரிந்துவிட்டது. கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தட்டோடு நின்றேன். "சிஸ்டர், என்ன ஆச்சு?" என்று கேட்டார்கள்.

போன வருடம் ரைன் நதிக்கரையில் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். கண்ணாடிக்குள் எலும்பில் செதுக்கிய பகடை இருந்தது. ரோமப் படைவீரர்கள் உருட்டியதாம். அதில் ஒன்றுக்குள் ஈயம் வைத்து ஒரு பக்கம் கனமாக்கியிருக்கிறது என்று கீழே எழுதியிருந்தது. உருட்டியவன் யார், யாரிடமிருந்து எதைப் பிடுங்கினான் என்று ஒன்றும் தெரியாது. கள்ளம் மட்டும் அப்படியே மிஞ்சி, விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று நாங்கள் மூவரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். சனிக்கிழமை அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

விளையாட்டில் தோற்றால் என்ன? இலையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கவேண்டும், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கழற்றிவிடலாம். தோற்பதைத் தாங்கிக்கொள்ளத்தான் மனிதன் விளையாட்டையே உண்டாக்கினான் என்று எனக்குத் தோன்றுகிறது. நானும் என் மகளும் அந்த இலையின் கனத்தைத் தாங்க முடியாமல், கழற்ற முடியாத ஒன்றை இன்னொருவர் காதில் மாட்டிவிட்டோம்.

ஷெரினிடம் போய் "உண்மையைச் சொல்" என்று எந்த முகத்தோடு சொல்வது? இன்று காலை பூசைக்குப் போய்விட்டு வந்து, ஊருக்குக் கேட்டு நம்பர் வாங்கினேன். பன்னிரண்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். ஷெரின் சமையலறை வாசலில் நின்று தட்டில் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தாள். போகச் சொல்லவில்லை.

தாசையா மாமாவின் மருமகள் போனை அவர் முகத்துக்கு மிக அருகில் பிடித்துக் கொடுத்தாள். ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தது.

"யாரு? சவரி மகளா? ஜெயாவா? செர்மனியிலயா இருக்க தாயி? அங்க இப்ப மணி என்ன?"

சொன்னேன். மணியை இல்லை, எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.  முடித்ததும் மாமா கேட்டார்.

"ஆட்டினுக்கு எங்க வப்ப?"

"கையில குடுப்பேன் மாமா."

"இஸ்பேட்டுக்கு?"

"வலது முட்டிப் பக்கம்."

"அதான் சவரி அம்புட்டு கட்டன் குடிச்சானா! தூக்கம் எப்படிடா வருதுன்னு நானே அவன்கிட்ட கேட்டிருக்கேன்." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "அப்ப மத்தாயி சொன்னது சரிதான்."

"மாமா..."

"நான் என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா தாயி? பாண்டின்னு சொல்லி என்னைத் தள்ளிவிட அவனுக்கு ஒரு சாக்கு வேணும், அதுக்குத்தான் அபாண்டமா பழி போட்டான்னு. இத்தன வருசமும் அப்படித்தான் நெனச்சேன். அவன் சாக்குத் தேடல. என் துருப்பு நெசமாவே கசிஞ்சிருக்கு. கண்டதத்தான் சொல்லிருக்கான் பாவி." கண்ணைத் துடைத்தார். போன் ஆடியது. "அவன் அடக்கத்துக்குப் போனேன். உள்ள போகல. ரோட்டு மேலயே நின்னுட்டு வந்துட்டேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. பழி சுமந்தவர் ஒருவர் என்றுதான் நினைத்திருந்தேன். நண்பன் தன்னை விற்றுவிட்டான் என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தவர் இன்னொருவர். அவரிடம் சொல்ல எனக்கு இனி எந்த நம்பரும் இல்லை.

"மன்னிச்சிருங்க மாமா" என்றேன். அழுதுவிட்டேன்.

"பதினோரு வயசுப் பிள்ளைய மன்னிக்க என்ன இருக்கு? ஆனா கள்ள ஆட்டம் கள்ள ஆட்டந்தான். குணுக்குப் போடு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகம் அப்படி இல்லை. இங்கே பலா இலைக்கு எங்கே போவது? துணி உலர்த்தும் ஸ்டாண்டிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மாட்டினேன்.

"இன்னும் மேல தள்ளு. மடல்ல கவ்வட்டும். ம், அது."

"எப்பக் கழட்டணும் மாமா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், ஆட்டத்தின் சட்டத்தைப் பார்த்துச் சொல்கிறவர் போல.

"ஜெயிச்சாக் கழட்டலாம். இல்ல, எதிராளி போனாப் போவுதுன்னு சொன்னாக் கழட்டலாம். என் பங்குக்கு நான் சொல்லிட்டேன் தாயி. மிச்சத்த மத்தாயிதான சொல்லணும்."

மருமகள் மாத்திரைக்குக் கூப்பிட்டாள். போன் கூரையைக் காட்டியது, அப்புறம் அணைந்தது.

6

ஷெரின் தட்டை வைத்துவிட்டு என் அருகில் வந்தாள். கிளிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குது."

"கழட்டலாமே. அவர் பாக்கலையே இப்ப."

"கழட்டச் சொல்ல வேண்டியவர் செத்துப்போயிட்டார் ஷெரின்."

அவளை நான் திட்டவில்லை. லீனா பெயரை எடுக்கவில்லை. வியாழக்கிழமை டிராமில் சொன்னதை மட்டும் திருப்பி எடுத்துக்கொண்டேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன்.  அவள் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். ஐந்து பேரும் பேசும் அந்த வீடியோ அழைப்பு திறக்கும் சத்தம் கேட்டது. அது எனக்குப் பழகிய சத்தம். அப்புறம் ஜெர்மனில் அவள் குரல், கத்தாமல், மெதுவாக: "லீனா, அது நான்தான்."

அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. அது அவளுடைய ஹெட்செட்டுக்குள் போயிருக்கும். அதற்குப் பிறகு அவள் பேசியதும் தாழ்ந்த குரலில்தான். ஒருமுறை அழுத மாதிரி இருந்தது.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மத்தாயி சேட்டனின் பிள்ளைகள் அதே ஜங்ஷனில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கோயில் வேறு, தமிழ் வாசிக்கவும் தெரியாது. யாராவது இதை எடுத்துப் போய் அவர்களுக்கு மலையாளத்தில் சொல்லுங்கள். தாசையா மாமா துருப்பைச் சொல்லிக் கொடுக்கவில்லை. சவரிமுத்து மகள் ஜெயா பின்னால் நின்று பார்த்தாள்.

ஒரு மணி நேரம் ஆகப்போகிறது. கதவு திறக்கவில்லை. உட்கார முடியாமல் எழுந்து, காய்ந்த துணியையாவது மடிக்கலாம் என்று ஸ்டாண்டுக்குப் போனேன். ஷெரினின் காலுறை ஒன்று தரையில் கிடந்தது. அது தொங்கிய இடத்தில் கிளிப்பு இல்லை. நான் எடுத்தது பிரிட்டோவின் சட்டையிலிருந்து.